ஒரே டிரம், ஆறு சட்டம்: அண்டை நாடுகளுக்கு ரசாயனம் அனுப்பும் பணிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

துவாஸில் உள்ள ஒரு கிடங்கிலிருந்து 200 லிட்டர் தின்னர் டிரம் ஒன்று லாரியில் ஏறி, இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்து, ஜோகூரின் பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர அரை நாள்கூட ஆகாது. டிரம்முக்குள் இருக்கும் திரவம் பாலத்தின் இந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியேதான் அந்தப் பக்கமும் இருக்கிறது. ஆனால் அதன்மேல் ஒட்டவேண்டிய லேபிள், கூடவே போகவேண்டிய பாதுகாப்புத் தரவுத்தாள், அதைப் பதிவு செய்யவேண்டிய அலுவலகம், பதிவு செய்யும் கடமை யாருடையது என்பது வரை எல்லாமே பாலத்தின் நடுவில் மாறிவிடுகின்றன.

ஜூரோங் தீவு, துவாஸ் வட்டாரங்களில் உள்ள வணிக நிறுவனங்களிலும் சரக்கு அனுப்பும் முகவைகளிலும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் பலர் வேதியியலோ பொறியியலோ படித்தவர்கள். அவர்களுக்குப் பொருளைப் பற்றித் தெரியும். எந்த நாட்டில் எந்தத் தாளை யார் கொடுக்கவேண்டும் என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து மலேசியா, இந்தோனீசியா, தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பீன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுக்குத் தொழிற்சாலை ரசாயனம் அனுப்பும் ஒருவர் எந்த வரிசையில் வேலை செய்தால் சரக்கு நடுவழியில் நிற்காது என்பதை, பல ஆண்டுகளாக இதே மேசையில் இருப்பவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன்: எது ஒன்றுபோல் இருக்கிறது, எது வேறுபடுகிறது

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் 'ரீச்' என்ற ஒரே ரசாயனச் சட்டம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக இருக்கிறது. ஆசியானில் தொழிற்சாலை ரசாயனங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அழகுசாதனப் பொருள்களுக்கு மட்டும் ஆசியான் நாடுகள் 2003இல் உடன்பாடு செய்து, 2008 முதல் பொது விதிகளைப் பின்பற்றி வருகின்றன. ஆகவே உதட்டுச்சாயத்தை அனுப்புகிறவருக்குக் கிடைக்கும் வசதி, அந்த உதட்டுச்சாயத் தொழிற்சாலையின் தரையைக் கழுவும் திரவத்தை அனுப்புகிறவருக்குக் கிடைப்பதில்லை.

நமக்குப் பொதுவாக இருப்பது ஐக்கிய நாடுகள் வகுத்த ஜி.எச்.எஸ். எனும் முறை. ரசாயனங்களின் ஆபத்துகளை வகைப்படுத்தி, லேபிளிலும் தரவுத்தாளிலும் ஒரே விதமாகக் காட்டவேண்டும் என்ற எண்ணம் 1992இல் ரியோ மாநாட்டில் உருப்பெற்று, 2003இல் நூலாக வந்தது. சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீப்பிழம்பும் மண்டையோடும் வரைந்த அந்த ஒன்பது சின்னங்களும், 16 பகுதிகள் கொண்ட தரவுத்தாளும் அதிலிருந்து வந்தவையே. இந்த நூலுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப் பதிப்பு வருகிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. அது சட்டமல்ல என்பதால், ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தான் சட்டம் எழுதிய ஆண்டில் எந்தப் பதிப்பு நடப்பில் இருந்ததோ அதையே பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு விதிகள் மூன்றாம் திருத்தத்தை அடிப்படையாகக் கொண்டவை. அதே ஆண்டு வந்த இந்தோனீசியத் தொழில் அமைச்சின் விதிகள் நான்காம் திருத்தத்தைச் சார்ந்தவை. சிங்கப்பூர்த் தரநிலை 586இன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு ஏழாம் திருத்தத்தைப் பின்பற்றுகிறது. மூன்றையும் ஜி.எச்.எஸ். என்றே எல்லோரும் சொல்வார்கள். "நாங்கள் ஜி.எச்.எஸ். லேபிள்தான் ஒட்டியிருக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டு ஜி.எச்.எஸ். என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் படி: உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒரே ஏட்டில் எழுதுங்கள்

எந்த நாட்டுச் சட்டத்தையும் திறக்குமுன் செய்யவேண்டிய வேலை இது. பொருளில் கலந்துள்ள ஒவ்வொரு ரசாயனத்தின் பெயர், அதன் சி.ஏ.எஸ். எண் (ரசாயனத்துக்கு உலகெங்கும் பொதுவான அடையாள எண்), எடையில் எத்தனை விழுக்காடு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். வணிகப் பெயர் ஒரு நாட்டுக்கு ஒன்றாக மாறும். டொலுயீன் என்ற கரைப்பானுக்குரிய 108-88-3 என்ற எண் எங்கும் மாறாது. எல்லா நாட்டுப் பட்டியல்களிலும் தேட உங்களுக்கு உதவப்போகும் ஒரே கைப்பிடி அந்த எண்தான்.

விழுக்காட்டை எழுதும்போது 1 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவற்றை விட்டுவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் புதியவர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இது. ஒரு பசையில் டொலுயீன் 1 விழுக்காடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டொலுயீன் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கலாம் என்று ஐயப்படத்தக்க பொருளாக, இனப்பெருக்க நச்சின் இரண்டாம் வகையில் வைக்கப்படுகிறது. அப்படிப்பட்ட பொருள் ஒரு கலவையில் எவ்வளவு இருந்தால் கலவை முழுவதையும் அதே வகையில் சேர்க்கவேண்டும் என்பதற்கு ஜி.எச்.எஸ். நூல் இரண்டு வரம்புகளைத் தருகிறது: 0.1 விழுக்காடு அல்லது 3 விழுக்காடு. எதை எடுப்பது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஐரோப்பா 3ஐ எடுத்தது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதி 0.1ஐ எடுத்தது. ஆகவே அதே பசைக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் தரவுத்தாளில் அந்த எச்சரிக்கையே இருக்காது. அமெரிக்காவிலிருந்து வரும் தாளில், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தாற்போன்ற மனித உருவச் சின்னத்துடன் அது இருக்கும். இரண்டு தாள்களையும் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றை அப்படியே நகலெடுத்துத் தாய்லாந்துக்கோ வியட்நாமுக்கோ அனுப்புகிறவர்தான் தவறு செய்கிறார். அந்த நாட்டுச் சட்டம் எந்த வரம்பை எடுத்திருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

உற்பத்தியாளர் முழுச் சேர்மானத்தைத் தரமாட்டார் என்பது அடுத்த தடை. தொழில் ரகசியம் என்பார். அது நியாயமான கவலைதான். இரகசியம் காக்கும் ஒப்பந்தம் ஒன்றில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு கேளுங்கள். அப்போதும் தயங்கினால், எந்தெந்த நாடுகளுக்குப் பொருள் போகிறது என்று சொல்லி, அந்த நாடுகளின் பட்டியல்களோடு அவரையே ஒப்பிட்டுப் பார்க்கச்செய்து, முடிவை எழுத்தில் வாங்குங்கள். "தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை ஏற்கவேண்டாம். எந்தப் பட்டியல், எந்தத் தேதியிட்டது என்பது அதில் இருக்கவேண்டும்.

இரண்டாம் படி: முதலில் நம் வீட்டுக் கணக்கு

அண்டை நாட்டைப் பற்றிக் கவலைப்படுமுன், பொருள் சிங்கப்பூரை விட்டு வெளியேற என்ன வேண்டும் என்று பாருங்கள். சிங்கப்பூரில் புழங்கும் எல்லா ரசாயனங்களையும் பதிவு செய்யும் பொதுப் பட்டியல் கிடையாது. அதற்குப் பதிலாக, ஆபத்தின் தன்மைக்கு ஏற்பக் கண்காணிக்கும் அமைப்பு மாறுகிறது. சுற்றுப்புறப் பாதுகாப்பு, நிர்வாகச் சட்டத்தில் பட்டியலிட்ட அபாயகரப் பொருள்களுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள்களைச் சேமிக்கவும் ஏற்றிச்செல்லவும் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் வேண்டும். அம்மோனியம் நைட்ரேட் போன்ற வெடிபொருள் மூலங்கள் காவல்துறையின் கையில். போதைப்பொருள் தயாரிக்கப் பயன்படக்கூடிய மூலப்பொருள்கள் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கையில். ரசாயன ஆயுத ஒப்பந்தத்தின் பட்டியல்களில் உள்ளவை சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் கையில். வேலையிடத்தில் தரவுத்தாளும் லேபிளும் இருக்கின்றனவா என்பதைப் பார்ப்பது மனிதவள அமைச்சு. ஒரே பொருள் இரண்டு, மூன்று அமைப்புகளின் பட்டியலில் இருப்பது வழக்கமானதே. ஒருவரிடம் அனுமதி பெற்றுவிட்டோம் என்று நின்றுவிடக்கூடாது.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் சொல்லியாகவேண்டும். நம் அலுவலகங்களில் 'எச்.எஸ்.' என்ற இரண்டெழுத்து இரண்டு வேறு பொருள்களில் புழங்குகிறது. சுங்கத்துக்கான சரக்குக் குறியீட்டை எச்.எஸ். கோடு என்கிறோம், சுற்றுப்புற வாரியத்தின் அபாயகரப் பொருள் உரிமத்தை எச்.எஸ். லைசென்ஸ் என்கிறோம். "எச்.எஸ். இருக்கிறதா?" என்று முகவர் தொலைபேசியில் கேட்க, புதிதாக வந்த தம்பி எட்டு இலக்கச் சுங்கக் குறியீட்டைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். உரிமம் இல்லை என்பது, டிரேட்நெட் என்ற இணைய அமைப்பில் சுங்க பெர்மிட்டுக்கு விண்ணப்பித்து அது திரும்பி வரும்போதுதான் தெரியும். எதைக் கேட்கிறார்கள் என்று மறுமுறை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சுங்கக் குறியீட்டில் ஒரு நல்ல செய்தி உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் உலகுக்கே பொது. எட்டு இலக்கம் வரை ஆசியான் முழுவதற்கும் பொது. ஆனால் அந்தக் குறியீடு வரிக்காகவும் வணிகக் கணக்குக்காகவும் வகுக்கப்பட்டது. ஒரே எட்டு இலக்கத்தின்கீழ் ஆபத்தான பொருளும் ஆபத்தில்லாத பொருளும் சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம். குறியீடு ஒத்துப்போவதை வைத்து, ரசாயன விதியும் ஒத்துப்போகும் என்று எண்ணவேண்டாம்.

மூன்றாம் படி: ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம்

பெரிய அட்டவணை ஒன்றில் ஐந்து நாடுகளையும் அடைத்துவைக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்; கட்டங்களுக்குள் அடங்காத நிபந்தனைகள் பெருகி, கடைசியில் யாரும் படிக்க முடியாத ஒன்றாக அது முடிந்தது. நாட்டுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அதில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: இந்தப் பொருள் எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா, இறக்குமதிக்கு முன் அனுமதியோ அறிவிப்போ வேண்டுமா, லேபிளும் தாளும் எந்த மொழியில், யார் விண்ணப்பிக்கவேண்டும், ஆண்டுதோறும் திரும்பச் செய்யவேண்டியது என்ன. பக்கத்தின் மேலே அதைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கவேண்டும்.

மலேசியாவுக்கான பக்கம் எளிதில் நிரம்பும். அங்கே 'கிளாஸ்' விதிகள் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2013ஆம் ஆண்டு விதிகள், 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் வருகின்றன. லேபிளும் தரவுத்தாளும் மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் இருக்கவேண்டும். ஆண்டுக்கு 1 டன்னோ அதற்கு மேலோ அபாயகர ரசாயனத்தை இறக்குமதி செய்பவர், அதன் கணக்கை அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் கொடுக்கவேண்டும். கொடுக்கவேண்டியவர் ஜோகூரில் உள்ள உங்கள் வாடிக்கையாளர்தான். ஆனால் பிப்ரவரி வந்துவிட்டால் அவர் உங்களைத்தான் அழைப்பார். போன ஆண்டு எவ்வளவு வாங்கினேன், அதில் என்னென்ன இருந்தது என்று கேட்பார். ஆகவே ஜனவரியிலேயே அந்தக் கணக்கை எடுத்துத் தயாராக வைத்திருங்கள். பூச்சிமருந்து என்றால் இந்த வழி கிடையாது. அதற்கு 1974ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

இந்தோனீசியாவில் 'பே தீகா' என்ற சொல்லை நாள்தோறும் கேட்பீர்கள். ஆபத்தானதும் நச்சுத்தன்மை உடையதுமான பொருள் என்பதற்கான இந்தோனீசியச் சொற்களின் மூன்று முதலெழுத்துகளைச் சுருக்கி 'பி3' என எழுதுவார்கள். 2001ஆம் ஆண்டின் 74ஆம் எண் அரசாணை, பயன்படுத்தக்கூடியவை, கட்டுப்படுத்தப்பட்டவை, தடைசெய்யப்பட்டவை என்று இவற்றைப் பிரித்துப் பட்டியலிடுகிறது. பதிவு செய்வது சுற்றுச்சூழல் அமைச்சிடம். லேபிள் விதி தொழில் அமைச்சினுடையது. சில பொருள்களின் இறக்குமதிக்கு வணிக அமைச்சும் உள்ளே வரும். மூன்று அமைச்சுகளும் ஒரே பொருளை வெவ்வேறு பெயரில் குறிப்பிடுவதால், முதல் படியில் எழுதிய சி.ஏ.எஸ். எண் இங்கே மிகவும் கைகொடுக்கும். கூடவே, 2014ஆம் ஆண்டின் ஹலால் சட்டம் 'பொருள்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் ரசாயனப் பொருள்களும் அடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். உணவு, மருந்து, அழகுசாதனத் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள் தருபவர்களிடம் வாடிக்கையாளர்கள் ஹலால் சான்றிதழையும் கேட்பது இதனால்தான்.

தாய்லாந்தின் சட்டம் படிக்கத் தெளிவானது. 1992ஆம் ஆண்டின் அபாயகரப் பொருள் சட்டம் பொருள்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: முதல் வகைக்கு விதிமுறையைப் பின்பற்றினால் போதும், இரண்டாம் வகைக்கு அறிவிக்கவேண்டும், மூன்றாம் வகைக்கு அனுமதி பெறவேண்டும், நான்காம் வகைக்குத் தடை. தாய்லாந்து ஆவணங்களில் புத்த ஆண்டு எழுதியிருக்கும், 543ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 2535 என்று பார்த்துத் தட்டச்சுப் பிழை என்று திருத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வியட்நாமில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய ரசாயனச் சட்டம் நிறைவேறி, 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துள்ளது. அதற்கு முன் தயாரித்த பழைய குறிப்புகளை நம்பி எதையும் அனுப்பாதீர்கள்.

பிலிப்பீன்சின் அணுகுமுறை மற்ற நான்கிலிருந்தும் மாறுபட்டது. 1990ஆம் ஆண்டின் 6969ஆம் எண் குடியரசுச் சட்டத்தின்கீழ், நாட்டில் புழங்கும் ரசாயனங்களின் தேசியப் பட்டியல் ஒன்று இருக்கிறது. உங்கள் கலவையில் உள்ள ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இறக்குமதிக்கு முன்பே புதிய ரசாயனம் என அறிவித்து நடைமுறையை முடிக்கவேண்டும். ஆபத்தே இல்லாத பொருளாக இருந்தாலும் இது பொருந்தும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பாதரசம், சயனைடு, கல்நார், ஈயம் போன்றவற்றுக்குத் தனித்தனிக் கட்டுப்பாட்டு ஆணைகளும் உண்டு. 2013இல் வந்த ஈய ஆணை பெயின்ட்டில் ஈயத்துக்குப் பத்து லட்சத்தில் 90 பங்கு என வரம்பு விதித்து, வீட்டுப் பெயின்ட்டுக்கு 2016 இறுதி வரையும் தொழிற்சாலைப் பெயின்ட்டுக்கு 2019 இறுதி வரையும் அவகாசம் கொடுத்தது.

நான்காம் படி: கடுமையான விதியையே எல்லோருக்கும் வைத்துவிடலாமா

இந்தக் கேள்வி ஒவ்வொரு அலுவலகத்திலும் எழும். என் கருத்து இது: சேர்மானத்தில் அப்படிச் செய்யலாம், லேபிளில் செய்யக்கூடாது. பிலிப்பீன்சின் ஈய வரம்புக்குள் ஒரு பெயின்ட்டைத் தயாரித்துவிட்டால் அதையே எல்லா நாட்டுக்கும் அனுப்பலாம். ஈயம் குறைவாக இருப்பதால் யாருக்கும் தீங்கில்லை, இருப்பு வைப்பதும் எளிது. 2026 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் உட்புறப் பெயின்ட்டுகளில் ஃபார்மால்டிஹைடைத் தடைசெய்திருக்கிறது. அதற்கேற்பச் சேர்மானத்தை மாற்றும் உற்பத்தியாளர், அண்டை நாடுகளுக்கென்று பழைய சேர்மானத்தைத் தனியாக வைத்திருப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அங்கே அந்த அறையில் தூங்குவதும் ஒரு குழந்தைதான்.

லேபிளின் கதை வேறு. ஒரு நாட்டுச் சட்டப்படி தேவையில்லாத ஆபத்துச் சின்னத்தை 'பாதுகாப்புக்காக' அதிகமாக ஒட்டினால், தாளில் எழுதிய வகைப்பாட்டுக்கும் லேபிளுக்கும் முரண்பாடு வரும். அதிகாரி எதை நம்புவார்? கிடங்கில் இருக்கும் தொழிலாளி, எல்லா டிரம்மிலும் எல்லாச் சின்னமும் இருப்பதைப் பார்த்துப் பார்த்து எதையும் பொருட்படுத்தாமல் போய்விடுவார். எச்சரிக்கை, அது உண்மையாக இருக்கும் இடத்தில் மட்டும் இருந்தால்தான் அவருடைய கண்ணுக்குப் படும்.

ஐந்தாம் படி: லேபிள்

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு மலாய் கொஞ்சம் தெரியும் என்பதாலேயே வரும் தவறு ஒன்றைச் சொல்கிறேன். மலேசிய லேபிளில் 'அமாரான்' என்றால் எச்சரிக்கை. இந்தோனீசிய லேபிளில் அதே இடத்தில் 'அவாஸ்' என்று இருக்கவேண்டும். திரவம் என்பதற்கு மலேசியாவில் 'செச்சாயிர்', இந்தோனீசியாவில் 'சாயிரான்'. எளிதில் தீப்பற்றும் என்பதற்கு மலேசியாவில் 'மூடா தெர்பாக்கார்', இந்தோனீசியாவில் 'மூடா மெஞாலா'. படித்தால் புரியும், சட்டம் கேட்பதோ அந்த நாட்டு அரசு வகுத்த வாசகத்தை.

பல ஆண்டுகளுக்கு முன் இந்தோனீசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகவேண்டிய 80 டிரம் கரைப்பானுக்கு மலேசிய லேபிளை ஒட்டிவிட்டோம். கன்டெய்னர் வருவதற்கு முந்தைய நாள் மாலை, வாங்குபவர் படம் அனுப்பச் சொன்னபோதுதான் தெரிந்தது. கடல் வழியே போகும் ஆபத்தான சரக்கின் குறிகள் மூன்று மாதம் கடல்நீரில் கிடந்தாலும் படிக்கும்படி இருக்கவேண்டும் என்பது கப்பல் விதி. ஆகையால் அந்த லேபிளின் பசை லேசில் விடாது. சூடான காற்று அடித்தால் வந்துவிடும், ஆனால் உள்ளே இருப்பது தீப்பற்றும் திரவம். பிளாஸ்டிக் சுரண்டியை வைத்துக்கொண்டு நானும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பியும் இரவெல்லாம் உரித்தோம். "அண்ணே, ரெண்டும் மலாய்தானே, படிச்சாப் புரியாதா?" என்று அவர் கேட்டார். "புரியும்ப்பா. ஆனா அங்க கிடங்குல ஏத்த மாட்டாங்க" என்றேன். விடியும்போது எங்கள் நகங்களுக்குள் வெள்ளைப் பசை. அன்றிலிருந்து, லேபிள் கோப்பின் பெயரிலேயே நாட்டின் பெயரையும் விதி ஆண்டையும் எழுதாமல் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை. அச்சானதும் முதல் லேபிளைப் படம் எடுத்து, வாங்குபவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வந்த பிறகே மீதியை ஒட்டுகிறோம்.

மொழிபெயர்ப்பைப் பொதுவான மொழிபெயர்ப்பாளரிடமோ இணையக் கருவியிடமோ முழுவதுமாக விட்டுவிடாதீர்கள். ஆபத்து வாசகங்களும் முன்னெச்சரிக்கை வாசகங்களும் அந்தந்த நாட்டின் விதி நூலிலேயே அச்சாகியிருக்கும். அவற்றை அங்கிருந்து எடுத்துவிட்டு, மீதமுள்ள பகுதிகளை மட்டும் மொழிபெயர்க்கச் செய்யுங்கள்.

ஆறாம் படி: யார் பதிவு செய்வது

இந்த நாடுகளில் அறிவிப்பும் பதிவும் பெரும்பாலும் இறக்குமதி செய்பவரின் கடமை. சிங்கப்பூரில் உள்ள விற்பனையாளர் நேரடியாகச் செய்ய முடியாது. இதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, வாங்குபவர் சிறு நிறுவனமாக இருந்தால், செய்யவேண்டும் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மற்றொன்று, பதிவு அவர் பெயரில் இருப்பதால், நாளை நீங்கள் வேறு ஒருவருக்கு விற்க நினைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். ஆகவே விற்பனை ஒப்பந்தத்திலேயே யார் எதைப் பதிவு செய்வது, செலவு யாருடையது, பதிவெண்ணின் நகல் எப்போது நமக்கு வரும் என்பதை எழுதுங்கள். ஒரே நாட்டில் பல வாடிக்கையாளர்கள் இருந்தால், அங்கே நம்பிக்கையான ஒரு முகவரை நியமித்து, பதிவையும் இறக்குமதியையும் அவர் பெயரில் நடத்துவது நீண்ட காலத்துக்கு மலிவு.

சேர்மானத்தை வாங்குபவரிடம் சொல்ல உற்பத்தியாளர் மறுக்கும் நிலையில், அதிகாரிகளிடம் மட்டும் நேரடியாகத் தரவோ, நடுவர் ஒருவர் வழியாகத் தரவோ வழி உண்டா என்று அந்த நாட்டு அலுவலகத்திடம் கேளுங்கள். மலேசிய விதிகளில் தொழில் ரகசியத்துக்கு இடம் உண்டு. ஆனால் பெயரையும் துல்லியமான அளவையும் மறைக்கலாமே தவிர, ஆபத்தை மறைக்க முடியாது.

ஏழாம் படி: போக்குவரத்து

இது ஒன்றுதான் எளிது, ஏனெனில் இங்கே உலகம் ஒத்துப்போகிறது. கடல் வழிக்கான ஆபத்தான சரக்கு விதிகள் 2004 முதல் கட்டாயமாக இருக்கின்றன. ஆபத்தான சரக்கை அடையாளம் காட்ட ஐ.நா. எண் ஒன்று உண்டு. பெயின்ட், தின்னர் என்றால் அந்த எண் 1263, மூன்றாம் வகுப்பு, அதாவது தீப்பற்றும் திரவம். டொலுயீன் என்றால் 1294. எந்தத் துறைமுகத்திலும் அதேதான். போக்குவரத்துச் சின்னம் சரியாக இருப்பதால் வேலையிட லேபிளும் சரி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இரண்டும் வேறு சட்டங்கள்.

எட்டாம் படி: மாற்றங்களைப் பின்தொடர்வது

ஒரு பொருளின் நிலை நாட்டுக்கு நாடு வெவ்வேறு நாளில் மாறும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. தாய்லாந்து அதே ஆண்டு ஜூன் 1 முதல் நான்காம் வகைக்கு மாற்றியது. இடைப்பட்ட ஐந்து மாதங்களில், ஒரே கிடங்கில் இருந்த ஒரே சரக்கு ஒரு திசையில் போகலாம், இன்னொரு திசையில் போகக்கூடாது.

இப்படிப்பட்ட மாற்றங்களை முன்கூட்டியே அறியக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகள், வணிகத்தைப் பாதிக்கக்கூடிய தொழில்நுட்ப விதிகளின் வரைவை மற்ற உறுப்பினர்களுக்கு அறிவிக்கவேண்டும்; கருத்துச் சொல்லப் பொதுவாக 60 நாள் அவகாசம் தரப்படும். அந்த அறிவிப்புகளை நாடு வாரியாக மின்னஞ்சலில் பெறப் பதிவு செய்துகொள்ளலாம். திங்கட்கிழமை காலையில் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். சட்டம் நடப்புக்கு வரும்போது அறிவதைவிட வரைவாக இருக்கும்போது அறிவது பல மாதங்களை மிச்சப்படுத்தும். ஐந்து நாடுகளின் பக்கங்களையும் ஆண்டுக்கு இருமுறை முழுவதுமாகச் சரிபார்த்து மேலே உள்ள தேதியைப் புதுப்பியுங்கள். மாற்றமே இல்லாவிட்டாலும் தேதியை மாற்றுங்கள், பார்த்தோம் என்பதற்கு அதுவே சாட்சி.

சரக்கு கிளம்புமுன் இன்னும் ஒரே ஒரு காரியம். தரவுத்தாளின் முதல் பகுதியில் அவசரத் தொலைபேசி எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணை நீங்களே ஒருமுறை இரவு நேரத்தில் அழைத்துப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா, எடுப்பவருக்கு அந்த நாட்டு மொழி தெரிகிறதா, பொருளின் பெயரைச் சொன்னால் தாளை எடுத்துப் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள். இல்லையென்றால், வேறு எண் கிடைக்கும்வரை அந்த டிரம்மை லாரியில் ஏற்றவேண்டாம்.